இரட்டைக் கூட்டல் குறி வந்த வழி

சி மொழி படிக்கத் தொடங்கும் மாணவர், ஆரம்பப் பாடங்களைத் தாண்டுவதற்குள் ஒரு வினோதமான குறியைச் சந்தித்துவிடுகிறார்: ++. அதை வேரியபிளுக்குப் பின்னால் போட்டாலும் ஒன்று கூடுகிறது, முன்னால் போட்டாலும் ஒன்று கூடுகிறது. பிறகு எதற்கு இரண்டு வடிவங்கள்? முன்னால் போட்டால் முதலில் கூட்டும், பின்னால் போட்டால் பிறகு கூட்டும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். மாணவரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார். எதற்கு முதலில், எதற்குப் பிறகு என்பது மட்டும் அந்த நோட்டில் இருப்பதில்லை.

ஒரு குறி பிறந்த இடம் தெரிந்தால் அதன் குணமும் பிடிபடும் என்ற நம்பிக்கையில்தான் இதன் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-11 என்ற கம்ப்யூட்டரில் இப்படித் தானாகக் கூட்டும் வசதி இருந்தது, அதை அப்படியே மொழிக்குள் கொண்டுவந்தார்கள் என்பது அந்தப் பதில். பார்வைக்குப் பொருத்தமான கதைதான். பிடிபி-11இன் அசெம்ப்ளி மொழியில் ஒரு ரெஜிஸ்டர் காட்டும் இடத்திலிருந்து மதிப்பை எடுத்துவிட்டு, அந்த ரெஜிஸ்டரை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட ஒரே கட்டளை போதும். எழுதும்போதும் ரெஜிஸ்டரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, பின்னால் ஒரு கூட்டல் குறி வைப்பார்கள். சி மொழியில் ++ பின்னால் வரும் வடிவத்துக்கு அண்ணன் மாதிரியே இருக்கிறது.

ஆனால் வருஷக் கணக்கு உதைக்கிறது.

சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, அதன் வளர்ச்சி வரலாற்றை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதியிருக்கிறார். 1993-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜில், புரோகிராமிங் மொழிகளின் வரலாறு குறித்து நடந்த மாநாட்டில் வாசிக்கப்பட்ட கட்டுரை அது. இந்தக் கதையை அவரே அதில் எடுத்துப் பேசி, நடந்திருக்கவே முடியாது என்று தள்ளிவிடுகிறார். ++ குறி சி மொழியில் பிறக்கவில்லை. அதற்கு முந்தைய பி மொழியில் பிறந்தது. பி உருவான காலத்தில் பிடிபி-11 என்ற மெஷினே கிடையாது. கண்டுபிடித்தவர் ரிட்சியும் அல்ல, அவருடைய சகா கென் தாம்சன்.

பிடிபி-11 கதைக்கு எதிராக இன்னொரு ஆதாரம் அந்த மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது. அதில் கூட்டும்போது எடுத்துவிட்டுக் கூட்டும் வழிதான் உண்டு. கழிக்கும்போது கழித்துவிட்டு எடுக்கும் வழிதான் உண்டு. ஒன்று கழிக்கும் -- குறியையும் சேர்த்தால், முன்னால் கூட்டுவது, பின்னால் கூட்டுவது, முன்னால் கழிப்பது, பின்னால் கழிப்பது என்று மொழியில் இருப்பவை நான்கு. மெஷினில் இருந்தவை இரண்டு. பார்த்து எழுதியிருந்தால் மீதி இரண்டு எங்கிருந்து வந்தன?

இதற்கு விடை தேட 1969-க்குப் போக வேண்டும், நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் லேப்ஸுக்கு. மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான ஆப்பரேட்டிங் சிஸ்டம் திட்டத்திலிருந்து அந்த நிறுவனம் அப்போதுதான் விலகியிருந்தது. தாம்சனுக்குக் கிடைத்தது அதிகம் பேர் சீண்டாத ஒரு பிடிபி-7. பிறகு யூனிக்ஸ் என்று பெயர் பெற்றதை அவர் அதில்தான் எழுதத் தொடங்கினார். மெஷினின் மெமரி 8,192 வேர்டுகள், ஒவ்வொரு வேர்டும் 18 பிட். இன்றைய கணக்கில் மொத்தம் 18 கிலோபைட். அதிலும் பாதியை ஆப்பரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கொண்டது. பயன்படுத்துபவரின் புரோகிராம் எதுவானாலும் மீதிப் பாதிக்குள் அடங்கியாக வேண்டும். கம்பைலரும் ஒரு புரோகிராம்தான். அதற்கும் அதே இடம்தான்.

அந்த இடத்துக்குள் அடங்கும்படி தாம்சன் ஒரு மொழி செய்தார். மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960-களின் நடுவில் உருவாக்கிய பிசிபிஎல் மொழியை எடுத்து, தேவையில்லாததையெல்லாம் வெட்டி, எழுதும் முறையைத் தன் ரசனைக்கேற்பச் சுருக்கிச் செய்த மொழி அது. பெயர் பி. குறைவாகத் தட்டச்சு செய்வதில் தாம்சனுக்கு இருந்த பிடிவாதம் பி மொழியின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ++ அந்த மொழியின் முதல் வடிவத்தில் இல்லை; போகப் போக வந்து சேர்ந்தது என்கிறார் ரிட்சி. 1972 ஜனவரியில் தாம்சன் எழுதிய பி மொழிக் கையேட்டில் முன்னால் போடுவது, பின்னால் போடுவது, கூட்டுவது, கழிப்பது என்று நான்கு வடிவங்களும் வந்துவிட்டன.

சரி, யோசனை எங்கிருந்து வந்தது? பிடிபி-7இன் மெமரியில் எட்டு இடங்களுக்கு மட்டும் ஒரு தனிக்குணம் இருந்தது. நம் எண்முறையில் 8 முதல் 15 வரை முகவரி கொண்ட இடங்கள் அவை. அவற்றில் ஒன்றில் ஒரு முகவரியை வைத்து, அதன் வழியாக வேறோர் இடத்தைத் தொட்டால், உள்ளே இருக்கும் முகவரி தானாகவே ஒன்று கூடிவிடும். புரோகிராமர் தனியாகக் கூட்டத் தேவையில்லை. தாம்சனுக்குப் பொறி இங்கிருந்து தட்டியிருக்கலாம் என்பது ரிட்சியின் ஊகம்.

இந்த இடத்தில் என் தேடலுக்கு ஒரு அருமையான ஆவணம் கிடைத்தது. பிடிபி-7க்காக எழுதப்பட்ட அந்த ஆதி யூனிக்ஸின் மூலநிரல் பல ஆண்டுகளாகத் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. பழைய காகித நகல் ஒன்று பிழைத்திருந்தது 2016-இல் தெரியவர, யூனிக்ஸ் வரலாற்று ஆர்வலர்கள் அதன் ஸ்கேன்களைப் பார்த்து மறுபடி எழுத்துக்கு எழுத்து உள்ளிட்டு, சிமுலேட்டரில் ஓடவும் வைத்துவிட்டார்கள். மெமரியின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்கு நகலெடுக்கும் சிறிய ரொட்டீன் ஒன்று அதில் இருக்கிறது. எங்கிருந்து எடுப்பது என்ற முகவரி 8-ஆம் இடத்தில் வைக்கப்படுகிறது. எங்கே போடுவது என்பது 9-ஆம் இடத்தில். பிறகு 8 வழியாக எடு, 9 வழியாகப் போடு என்று ஒரு சிறு சுழல். இரண்டு முகவரிகளும் தாமாகவே முன்னேறிக்கொண்டு போகும்.

அந்த ரொட்டீனில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முகவரிகளை உள்ளே வைக்கும் முன் ஒவ்வொன்றோடும் −1 கூட்டப்படுகிறது. ஏனென்றால் அந்த எட்டு இடங்களும் முதலில் கூட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் முகவரியைக் கொடுக்கும். ஒன்றைக் குறைத்து வைக்காவிட்டால் முதல் வேர்டைத் தாண்டி நகல் தொடங்கிவிடும். இன்றைய பேச்சில் சொன்னால் அது சுத்தமான ப்ரீ இன்கிரிமென்ட். பின்னால் கூட்டுவது பிடிபி-7இல் இல்லை. கழிப்பதும் இல்லை.

ஆக, நான்கு வடிவங்களில் மெஷின் காட்டியது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் தாம்சனின் சொந்தக் கற்பனை. முன்னாலும் பின்னாலும் போடலாம் என்று விரித்தது தாம்சனின் சொந்த யோசனை என்று ரிட்சியும் தன் கட்டுரையில் சொல்கிறார். பி கம்பைலர் ++ குறிக்கு அந்த எட்டு இடங்களை நேரடியாகப் பயன்படுத்தவும் இல்லை என்கிறார். அதைவிட வலுவான காரணம் என்று அவர் கருதுவது வேறு. 'எண் = எண் + 1' என்று எழுதினால், எண்ணை எடுத்து, ஒன்றை எடுத்து, கூட்டி, மறுபடி எண்ணில் வைக்கும் கட்டளைகள் வரிசையாக மெமரியில் உட்காரும். '++எண்' என்று எழுதினால் அந்த வரிசை சுருங்கிவிடும். 18 கிலோபைட்டில் பாதியை வைத்துக் குடித்தனம் நடத்தியவருக்கு ஒவ்வொரு வேர்டும் காசு.

மாணவரின் குழப்பத்துக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒன்று கூட்டுவது என்பது ஒரு வேலை. ஒரு மதிப்பைக் கொடுப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் தாம்சன் ஒரே குறிக்குள் அடைத்தார். வங்கியில் டோக்கன் கொடுக்கும் மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் எண் 5. முதலில் 5 என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே 6-க்கு நகர்ந்தால் அது போஸ்ட் இன்கிரிமென்ட். முதலில் 6-க்கு நகர்ந்து, 6 என்று அச்சடித்துக் கொடுத்தால் அது ப்ரீ இன்கிரிமென்ட். இரண்டிலும் மெஷினுக்குள் இப்போது இருப்பது 6தான். வாங்கியவர் கையில் இருக்கும் சீட்டு மட்டும் வேறு.

அந்தச் சீட்டை யாரும் வாங்காவிட்டால் வித்தியாசமே இல்லை. 'எண்++;' என்று ஒரு வரியில் தனியாக எழுதுவதும் '++எண்;' என்று எழுதுவதும் முழு எண்களைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஜிசிசி கம்பைலரில் இரண்டையும் கொடுத்து, அது உருவாக்கும் அசெம்ப்ளியை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரே கட்டளைதான் இருக்கும். (ஜிசிசியின் 10-ஆம் பதிப்பிலிருந்து வேரியபிளுக்கு 'எண்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், கற்றுக்கொடுப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.) 'அ = எண்++' என்று அந்த மதிப்பை வேறொருவர் வாங்கிக்கொள்ளும்போதுதான் முன்பின் என்பது பொருள் பெறுகிறது.

இந்தக் குறி உண்மையில் பிரகாசிப்பது, மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்களான பாயின்டர்களோடு சேரும்போதுதான். 1970-இல் பெல் லேப்ஸுக்கு பிடிபி-11 வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பி மொழிக்குள் டேட்டா டைப்களைக் கொண்டுவந்து ரிட்சி அதை சி ஆக்கினார். அதன்பின் ஒரு பாயின்டரில் ++ போட்டால், அது எந்த வகைப் பொருளைக் காட்டுகிறதோ அதன் அளவுக்கு நகர்ந்தது. எழுத்துகளைக் காட்டினால் ஒரு பைட், இரண்டு பைட் எண்களைக் காட்டினால் இரண்டு பைட். சி புரோகிராமர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான நகலெடுக்கும் வரி இப்படித்தான் உருவானது:

*இலக்கு++ = *மூலம்++

மூலம் காட்டும் எழுத்தை எடு, இலக்கு காட்டும் இடத்தில் வை, இரண்டையும் அடுத்த இடத்துக்கு நகர்த்து. வைத்த எழுத்து பூஜ்யமாக இருந்தால் சரம் முடிந்தது, சுழலிலிருந்து வெளியே வா. பிடிபி-7இன் 8, 9 என்ற இரண்டு இடங்களும் செய்த அதே வேலை. இந்த முறை −1 கூட்டி வைக்கும் சங்கடம் இல்லை, பின்னால் கூட்டும் வடிவம் அதைத் தீர்த்துவிட்டது. பிடிபி-11இன் கட்டளைகளோடு இது கச்சிதமாகப் பொருந்தியதால்தான், மெஷினைப் பார்த்துக் குறி வந்தது என்ற கதை பரவியிருக்க வேண்டும். அந்தப் பொருத்தம் தற்செயலாக வாய்த்தது.

புதிதாகப் படிப்பவர் இங்கே கொஞ்சம் நின்று நிதானிப்பது நல்லது. 10, 20, 30 என்று மூன்று எண்கள் வரிசையாக இருக்கின்றன. 'சுட்டி' என்ற பாயின்டர் 10-ஐக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். '*சுட்டி++' என்றால் கிடைப்பது 10. சுட்டி 20-க்கு நகர்ந்துவிடும். '*++சுட்டி' என்றால் முதலில் நகர்வதால் கிடைப்பது 20. '++*சுட்டி' என்றால் சுட்டி அசையாது. அது காட்டும் 10 தான் 11 ஆகும், கிடைப்பதும் 11. '(*சுட்டி)++' என்றாலும் வரிசையில் 10 போய் 11 வரும், ஆனால் கிடைப்பது பழைய 10. ஒவ்வொரு முறையும் புதிதாக 10-இலிருந்தே தொடங்கிக் காகிதத்தில் கட்டம் போட்டு இந்த நான்கையும் செய்து பார்த்தவருக்கு அதன்பின் ++ பயம் காட்டாது. பின்னால் வரும் ++ நட்சத்திரக் குறியைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்ற ஒரே விதியைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் நம் கல்லூரித் தேர்வுகளும் கேம்பஸ் இன்டர்வியூத் தாள்களும் வேறொரு பக்கம் போய்விட்டன. எண் = 5 என்று வைத்து, ஒரே பிரிண்ட்எஃப் கட்டளையில் எண்++, ++எண் இரண்டையும் கேட்டு, விடை என்ன என்பார்கள். பல தலைமுறை மாணவர்கள் இதற்கு விடை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வலமிருந்து இடமாகப் போகும் பழைய டர்போ சி 6 6 என்று காட்டும். இடமிருந்து வலமாகப் போகும் கிளாங் கம்பைலர் 5 7 என்று காட்டும். ஜிசிசி 6 7 என்று காட்டும். மூன்றில் எது சரி?

சரியான விடை என்று ஒன்று கிடையாது. 1989-இல் வந்த முதல் சி மொழித் தரநிலையே இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒரு வேரியபிளை, கணக்கு ஒரு நிலைக்கு வந்து நிற்பதற்குள் இரண்டு முறை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தராது. கம்பைலர் எதைச் செய்தாலும் அது தவறாகாது. 'எண் = எண்++' என்ற அப்பாவி வரியும் சி மொழியில் இதே கதிதான். அங்கே எண்ணை மாற்றும் வேலைகள் இரண்டு, ++ ஒன்று, சமக்குறி ஒன்று. எது முந்தும் என்று விதி இல்லை. விடையே இல்லாத கேள்விக்கு மதிப்பெண் போடுவது மாணவருக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கேள்வியால் சோதிக்கப்படுவது ஒரு குறிப்பிட்ட கம்பைலரின் பழக்கம் மட்டுமே.

1995-இல் வந்த ஜாவா இந்த ஓட்டையை அடைத்தது. எல்லாம் இடமிருந்து வலமாகத்தான் என்று அதில் விதியே உண்டு. 'எண் = எண்++' என்று ஜாவாவில் எழுதினால், பழைய 5 எடுத்து வைக்கப்படும், எண் 6 ஆகும், எடுத்து வைத்த 5 மறுபடி எண்ணில் போய் உட்காரும். கூட்டியது வீண், ஆனால் எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி வீண். சி++ மொழியில் இதே வரிக்கு இதே உறுதி 2017 தரநிலையில்தான் வந்தது.

சி++ என்ற பெயரிலேயே இந்தக் குறி ஏறி உட்கார்ந்ததும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1979-இல் பெல் லேப்ஸில் தொடங்கியபோது அதன் பெயர் 'சி வித் கிளாசஸ்'. 1983-இல் அவருடைய சகா ரிக் மாஸ்சிட்டி சி++ என்ற பெயரைச் சூட்டினார். புரோகிராமர்கள் தாங்களே உருவாக்கும் வகைகளுக்கும் ++ என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொள்ள அந்த மொழி இடம் கொடுத்தது. அப்போதுதான் ஒரு சிக்கல் முளைத்தது. முன்னால் வருவதற்கும் பின்னால் வருவதற்கும் ஒரே பெயர், எப்படிப் பிரிப்பது? பின்னால் வரும் வடிவத்துக்கு மட்டும், எதற்கும் பயன்படாத ஒரு முழு எண்ணைப் பாராமீட்டராகச் சேர்த்துச் சமாளித்தார்கள். அழகில்லாத தீர்வு, ஆனால் இன்றுவரை நிற்கிறது. பின்னால் வரும் வடிவம் பழைய மதிப்பைத் திருப்பித் தர வேண்டும் என்பதால் பொருளை ஒருமுறை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். பொருள் பெரிதாக இருந்தால் செலவு. சி++ புரோகிராமர்கள் தேவையில்லாத இடத்திலும் ++ குறியை முன்னால் போடும் பழக்கம் இதிலிருந்துதான் வந்தது.

பைத்தான் மொழியில் இந்தக் குறியே இல்லை. 'எண் += 1' என்று எழுத வேண்டும். சி படித்துவிட்டு வருபவர்கள் இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பைத்தானில் 'எண்++' என்று எழுதினால் பிழை என்று சொல்லிவிடும். '++எண்' என்று எழுதினால் சொல்லாது. அதை இரண்டு தனித்தனி கூட்டல் அடையாளங்களாக எடுத்துக்கொண்டு, நேர் எண்ணின் நேர் எண் என்று கணக்குப் போட்டு, எதையும் மாற்றாமல் போய்விடும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் ++ முதலில் இருந்தது. அதை உருவாக்கிய கிறிஸ் லாட்னரே எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தார். ஸ்விஃப்டை முதல் மொழியாகப் படிப்பவர்களுக்கு இது சுமை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2016-இல் வந்த ஸ்விஃப்ட் 3-இல் அது போய்விட்டது.

தேடலில் என்னை மிகவும் கவர்ந்தது இதற்கெல்லாம் இடையில் நடந்த ஒன்று. 2007 செப்டம்பரில் கூகுளில் மூன்று பேர் சேர்ந்து ஒரு புதிய மொழியை வரையத் தொடங்கினார்கள். ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், மூன்றாமவர் கென் தாம்சன். பி மொழிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே குறியை என்ன செய்வது என்ற கேள்வி அதைக் கண்டுபிடித்தவர் முன்னாலேயே வந்து நின்றது. 2009 நவம்பரில் வெளியான அந்த கோ மொழியில் ++ இருக்கிறது. ஆனால் பின்னால் மட்டும். '++எண்' என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது. 'அ = எண்++' என்று எழுதினாலும் ஏற்காது. கோ மொழியில் 'எண்++' என்பது மதிப்பு எதையும் தராத ஒரு முழு வாக்கியம்.

காரணத்தைக் கோ குழுவினரே விளக்கியிருக்கிறார்கள். பாயின்டரை நகர்த்திக் கணக்குப் போடும் வழி கோ மொழியில் இல்லை. அது இல்லாதபோது, கூட்டுவதையும் மதிப்புத் தருவதையும் ஒன்றாக வைத்திருப்பதால் கிடைக்கும் வசதி குறைந்துவிடுகிறது. எது முதலில், எது பிறகு என்ற தகராறும் கூடவே ஒழிகிறது. பிடிபி-7இல் ஒரு வேர்டு மிச்சம் பிடிக்க ஒட்டவைத்த இரண்டு வேலைகளில் ஒன்றுதான் இங்கே மிஞ்சியிருக்கிறது. இன்று கோ மொழியில் முதல் ஃபார் சுழலை எழுதும் மாணவர் கடைசியில் வேரியபிளுக்குப் பின்னால் ++ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.